மரபணுத்தொகை அடிப்படைப் பாடம்: ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவருக்குப் புரியுமா?

8 ஜூன் 2025, ஞாயிறு இரவு

நேராகக் கேட்டுவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு ஆண்டு ஆய்வகப் பட்டயப் படிப்பு படித்தேன். பதினாறு ஆண்டுகளாக வண்ணாரப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வயது 41. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் இலவசமாக நடத்தும் மரபணுத்தொகை (ஜீனோம்) அறிமுகப் பாடத்தில் சேர்ந்திருக்கிறேன். எட்டு வாரம். பேச்சு ஆங்கிலத்தில், கீழே எழுத்தும் ஓடுகிறது. என்னைப் போன்றவர்கள் யாராவது இப்படி ஒன்றை முடித்திருக்கிறீர்களா? கணினி நிரல் எழுதத் தெரியாவிட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதானா?

முதல் பாடம் பார்த்தாகிவிட்டது. நம் செல்லில் 23 ஜோடி குரோமோசோம்கள். அவற்றிலுள்ள டி.என்.ஏ.வில் ஒரு தொகுப்பை மட்டும் நீட்டி எழுதினால் சுமார் 310 கோடி எழுத்துகள். ஆனால் எழுத்து வகை நான்குதான்: ஏ, டி, ஜி, சி. கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேருக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறேன். அந்தச் சின்னக் குழாயில் மிதக்கும் ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் அந்த மனிதரின் 310 கோடி எழுத்தும் இருக்கிறது என்பதை இதுவரை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

10 ஜூன்

மேலே எழுதியது தவறு. இங்கே பதில் எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும்போதே அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வருகிறது. டி.என்.ஏ. கிடைப்பது வெள்ளையணுக்களிலிருந்து. இதைப் படித்தவள் நான், தேர்விலும் எழுதியவள். பதினாறு ஆண்டு தினமும் பார்த்த பொருளைப் பற்றியே இப்படி எழுதிவிட்டேன் என்று மனம் சுருங்கிப் போனது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சிவப்பணு சுமார் 50 லட்சம். வெள்ளையணு ஏழாயிரம் என்று வைத்துக்கொள்வோம். எழுநூறு சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு. அந்த ஒன்றை நம்பித்தான் மரபணுச் சோதனை முழுவதும் நடக்கிறது.

ஊதா மூடிக் குழாயின் விஷயமும் இப்போதுதான் தெளிந்தது. அதிலிருக்கும் இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிறது. டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் பலவற்றுக்கு மெக்னீசியம் இல்லாமல் வேலை ஓடாது. ஆகவே எழுத்துகள் சிதையாமல் இருக்கின்றன. பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரினோ, டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும். மரபணுச் சோதனைக்கு ஊதா மூடியைக் கேட்பது ஏன் என்று எங்கள் கூடத்தில் இனி யார் கேட்டாலும் நான் சொல்வேன்.

15 ஜூன்

பாடத்தில் சொன்ன சமையலறைச் சோதனையைச் செய்து பார்த்தோம். பழுத்த வாழைப்பழம் பாதி, ஒரு சிட்டிகை உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு கரண்டி. பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கண்ணாடி டம்ளரைச் சாய்த்து, உறைபெட்டியில் வைத்திருந்த ஸ்பிரிட்டை ஓரமாக மெல்ல ஊற்றினேன். இரண்டு திரவமும் சேரும் இடத்திலிருந்து வெள்ளை நூல் நூலாக மேலே எழுந்தது. என் மகள் தென்னை ஈர்க்குச்சியால் சுற்றி எடுத்தாள். ஊறவைத்த ஜவ்வரிசிக் கஞ்சி போல வழுவழுப்பு. மகனுக்குப் பதினான்கு வயது. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

(ஐயா சொல்கிறார்: குச்சியில் சுற்றியது முழுக்க டி.என்.ஏ. அல்ல, பழத்தின் பெக்டினும் புரதமும் கலந்தே வரும். சரி ஐயா. பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.)

29 ஜூன், நீளமாக எழுதப் போகிறேன்

நிரல் தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் அக்கா என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன் அம்மா.

நான்காம் பாடத்தில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உண்டாக்கும் மரபணு வந்தது. 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. புரதமாக மாறும் பகுதி 444 எழுத்துகள் மட்டுமே. அவ்வளவுதானே, கையாலேயே எழுதலாம் என்று தோன்றியது. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். மகள் திரையைப் பார்த்து எழுத்துகளைப் படிக்க, நான் மூன்று மூன்றாக எழுதினேன். ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி, ஜிஏஜி என்று போகும். ஒவ்வொரு மூன்றுக்கும் கீழே அட்டவணையைப் பார்த்து அமினோ அமிலத்தின் பெயர்: மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளுட்டமிக் அமிலம். இப்படியே எழுதிக்கொண்டு வந்தால் கடைசி மூன்றெழுத்து டிஏஏ. அது ஓர் அமிலத்தைக் குறிக்காது. அங்கே நிறுத்து என்று சொல்வது. கோடான், அதாவது இந்த மூன்றெழுத்துக் கூட்டு, மொத்தம் 64, அவற்றில் நிறுத்தச் சொல்பவை மூன்று என்பதை ஏட்டில் படித்தால் ஒரு வரி. கைவலிக்க எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் அந்த நிறுத்தம் வந்து நிற்பதைப் பார்ப்பது முற்றிலும் வேறு.

முதல் தடவை அப்படி வந்து நிற்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் எல்லாம் குளறுபடி. நடுவிலேயே நிறுத்தக் குறி வந்துவிட்டது. பின்னால் போய் எண்ணிப் பார்த்தால் மகள் ஒரே ஒரு எழுத்தைப் படிக்காமல் விட்டிருந்தாள். அந்த இடத்திலிருந்து ஒவ்வொரு மூன்றும் ஓர் எழுத்து நகர்ந்து, வேறு அமிலம், வேறு புரதம். அடுத்த பாடத்தில் சட்டக நகர்வு என்று விளக்கியதே இதுதான். அந்தக் காணொளியை நாங்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இப்போது என் சந்தேகம். அரிவாள் செல் நோயில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது. ஓர் எழுத்து மாறுவதால் குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் ஆறாவது இடம் என்றே எழுதியிருக்கிறார்கள். என் நோட்டில் அது ஏழாவது கட்டம். மூன்று முறை எண்ணிவிட்டேன். ஏழுதான். நான் பார்த்த வரிசை தவறா?

30 ஜூன்

இரண்டுமே சரி. புரதம் கட்டப்படும்போது முதலில் வருவது மெத்தியோனின். பிறகு அது கழற்றப்பட்டுவிடும். பழைய ஆய்வாளர்கள் புரதத்தைத்தான் கையில் வைத்து எண்ணினார்கள். அவர்களுக்கு வாலின் ஒன்று, குளுட்டமிக் அமிலம் ஆறு. மரபணுவின் எழுத்திலிருந்து எண்ணினால் ஏழு. மருத்துவ அறிக்கையிலும் இரண்டு விதமாகவும் வரும் என்கிறார் ஐயா. தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாராவது திருத்திவிடப் போகிறார்கள் என்பதற்காகவே இதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

6 ஜூலை

ஒரு சின்னக் குறிப்பு. அந்த மரபணுவின் முழு நீளம் 1,600 எழுத்துக்குப் பக்கம். புரதத்துக்கு வேண்டியது 444. நடுவில் இரண்டு இடைத்துண்டுகள், அதாவது இன்ட்ரான்கள். செய்தி நகலானதும் வெட்டி எறியப்படுகின்றன. மனிதத் தொகையில் புரதத்தைக் குறிக்கும் பகுதி ஒன்றரை விழுக்காடு அளவுதான். மீதியில் பெரும்பகுதி, அந்த இடைத்துண்டுகள் உட்பட, சும்மா கிடப்பது என்றே நினைக்கிறேன்.

(ஆகஸ்ட் 10இல் சேர்த்தது: இந்தக் கடைசி வாக்கியத்தை அழிக்காமல் விடுகிறேன். ஏன் என்று கீழே பாருங்கள்.)

13 ஜூலை

310 கோடி எழுத்தையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எந்தக் கருவியும் ஒரே மூச்சில் படித்துவிடுவதில்லை. இன்று அதிகம் புழங்கும் முறையில் டி.என்.ஏ.வைச் சிறு சிறு துண்டாக்கி, கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்து, அப்போது ஒளிரும் நிறத்தைப் படம் எடுக்கிறார்கள். ஒரு துண்டில் 150 எழுத்து கிடைக்கும். இந்த முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரான சங்கர் பாலசுப்ரமணியன் 1966இல் நம் சென்னையில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. கேம்பிரிட்ஜில் டேவிட் கிளெனர்மேனோடு சேர்ந்து இதைச் செய்தார். காலடிப்பேட்டையில் மெட்ரோவில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்குவதற்குள் இந்தப் பாடத்தைப் பார்த்தேன். இறங்கிய பிறகும் நடைமேடையில் நின்று மீண்டும் பார்த்தேன்.

துண்டுகளை எப்படிச் சேர்ப்பது? வீட்டில் தங்கை மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகைகள் மிச்சம் கிடந்தன. ஒரே பத்திரிகையின் நான்கு பிரதிகளை எடுத்துக்கொண்டோம். வரி வரியாகக் கத்தரித்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு மூன்று சொல் அளவுக்குத் துண்டாக்கினோம். நான்கு பிரதியிலும் வெட்டிய இடம் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரு முறத்தில் போட்டுக் கலக்கிவிட்டு, மூலப் பத்திரிகையைப் பார்க்காமலேயே சேர்க்கத் தொடங்கினோம். ஒரு துண்டின் கடைசிச் சொல் இன்னொரு துண்டின் முதல் சொல்லாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தோம். மண்டபத்தின் பெயர், தேதி, நட்சத்திரம் எல்லாம் பத்து நிமிடத்தில் சேர்ந்துவிட்டன. மாட்டிக்கொண்டது எங்கே தெரியுமா? ‘திரு’, ‘திருமதி’, ‘அவர்களின்’. பத்திரிகை முழுவதும் இவை இருக்கின்றன. ‘அவர்களின் பேத்தியும்’ என்ற துண்டு தந்தை வழித் தாத்தாவோடு சேருமா, தாய் வழித் தாத்தாவோடு சேருமா என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை. உள்ளங்கை அளவு துண்டாக வெட்டியிருந்தால் தாத்தாவின் பெயரும் கூடவே வந்திருக்கும்.

மனிதத் தொகையிலும் இதே சிக்கல்தான். 1990இல் தொடங்கிய திட்டம் 2003இல் முடிந்ததாக அறிவித்தார்கள். ஆனாலும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளால் சுமார் எட்டு விழுக்காடு சேர்க்கப்படாமலே கிடந்தது. மிக நீளமான துண்டுகளைப் படிக்கும் கருவிகள் வந்த பிறகு, 2022இல்தான் முழு வரிசை வெளியானது. பத்திரிகைத் துண்டுகளை இன்னும் குப்பையில் போடவில்லை, சோப்பு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

24 ஜூலை

எழுத்துகளைப் படிக்கும் கருவி தரும் கோப்பைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்ட தம்பிக்கு: ஆம், நானும் திறந்தேன். நான்கு நான்கு வரியாக இருக்கும். முதல் வரி பெயர், இரண்டாவது எழுத்துகள், மூன்றாவது ஒரு கூட்டல் குறி, நான்காவது நமக்குப் புரியாத குறிகளின் கூட்டம். அந்த நான்காவது வரி மேலே உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் கருவி தரும் நம்பக மதிப்பெண். 20 என்றால் நூறில் ஒன்று தவறாக இருக்கலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இடத்தைச் சேமிக்க எண்ணுக்குப் பதில் ஒற்றைக் குறியால் எழுதுகிறார்கள். அதில் 30ஐக் குறிப்பது கேள்விக்குறி! வரி முழுக்க ‘?’ இருப்பதைப் பார்த்து, ஒன்றும் தேறாத தரவு என்று நினைத்து மூடிவிட்டேன். உண்மையில் அது நல்ல தரவு.

எங்கள் கூடத்தில் காலையில் முதல் நோயாளியின் ரத்தத்தைப் போடும் முன் தரக்கட்டுப்பாட்டுக் குப்பியை ஓட்டி, அளவுக்குள் வருகிறதா என்று பார்ப்போம். நாளுக்கு ஒரு முறை அது. இங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாகச் செய்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே எனக்கு இந்தத் துறையின் மேல் மதிப்பு கூடிவிட்டது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு மாதமாகச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

அந்த 444 எழுத்தை எழுதிய வாரத்திலேயே, வேலை முடிந்த பிறகு என் ரத்தத்தை நானே செல் எண்ணும் கருவியில் போட்டேன். ஹீமோகுளோபின் 11.4. சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம். சிவப்பணுவின் சராசரிப் பருமன் 66. எங்கள் துறையில் பழைய கணக்கு ஒன்று உண்டு: பருமனை, மில்லியனில் சொன்ன எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 13க்கு மேல் வந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. கீழே வந்தால் தலசீமியாவின், அதாவது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோயின், சாயல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு வந்தது 11.8. இரும்பு குறைந்தால் அணு சிறுத்து எண்ணிக்கையும் குறையும். சாயல் இருந்தால் அணு சிறுத்திருந்தாலும் எண்ணிக்கை குறையாது, கூடியும் இருக்கும். இப்படிப்பட்ட எண்கள் இருக்கும் தாள்களை எத்தனையோ அச்சடித்து, மடித்து, உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

காசிமேட்டில் மீன் விற்ற என் அம்மா எப்போதும் சொல்வார்: “நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்தம் குறைவுதான், அது பிறவி.” எனக்கும் என் தங்கைக்கும் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை. சாப்பிட்டால் வயிறு கலங்கும், ஹீமோகுளோபின் ஏறாது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தங்கைதான் திட்டு வாங்குவாள். பரிந்து பேசாமல் நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

மருத்துவரிடம் போனேன். ஃபெரிட்டின் 48, இரும்புக்குக் குறைவில்லை. ஹீமோகுளோபின் ஏ2 5.1 விழுக்காடு. மூன்றரைக்குள் இருக்க வேண்டியது. பீட்டா தலசீமியாவின் தாங்கி நான். நோய் இல்லை, மருந்தும் வேண்டியதில்லை. அந்த பீட்டா சங்கிலி மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் எங்கோ பிழை, அவ்வளவே. அம்மா சொன்னதில் ‘பிறவி’ என்ற சொல் அப்படியே சரியாக இருந்திருக்கிறது.

கணவரின் ஏ2 2.6, இயல்பு. ஆகவே என் பிள்ளைகளுக்குக் கடுமையான தலசீமியா வர வழியில்லை. தாங்கியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு 18 வயது, தானே கேட்டு எடுத்துக்கொண்டாள். அவளும் தாங்கி. மகனுக்கு எடுக்கவில்லை. அவசரம் இல்லை, வளர்ந்த பிறகு அவனே கேட்கட்டும்.

10 ஆகஸ்ட்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எங்கள் வீட்டுப் பிழை எந்த எழுத்தில் என்று ஒருவர் கேட்டார். அந்தச் சோதனையை இன்னும் செய்யவில்லை. ஆனால் நம் நாட்டில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம் எது என்று படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அது அந்த 444 எழுத்திலேயே இல்லை. முதல் இடைத்துண்டின் ஐந்தாவது எழுத்து. ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. நான் சும்மா கிடப்பது என்று எழுதிய அதே பகுதி! இடைத்துண்டை எங்கே வெட்ட வேண்டும் என்று அடையாளம் காட்டுவதே அதன் ஓர எழுத்துகள்தான். அடையாளம் கலைந்தால் பெரும்பாலும் வெட்டு இடம் மாறிவிடுகிறது. சரியான புரதம் வெகு குறைவாகவே கிடைக்கிறது. என் நோட்டில் கையால் எழுதிய 444 எழுத்தும் ஒரு பிழையும் இல்லாமல் இருந்து, குழந்தைக்கு நோய் இருக்க முடியும். இதற்குப் பிறகு மரபணுத்தொகையின் எந்தப் பகுதியையும் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

31 ஆகஸ்ட்

பாடம் முடிந்தது. எட்டு வாரப் பாடத்துக்குப் பன்னிரண்டு வாரம் எடுத்தேன். கடைசி இரண்டு வாரம் புள்ளியியல். பாதிதான் புரிந்தது, மீண்டும் பார்ப்பேன். சான்றிதழுக்குப் பணம் கேட்டார்கள், கட்டவில்லை.

எச்சில் அனுப்பினால் எதிர்கால நோய்களையெல்லாம் சொல்லும் சோதனைகளை வாங்கலாமா என்று கேட்டவருக்கு என் கருத்து: எங்கள் வீட்டு விஷயம் ஒரே மரபணு, ஒரே பிழை, பல பத்தாண்டுகளாக அறிந்தது. சர்க்கரை நோய் அப்படியல்ல. நூற்றுக்கணக்கான இடங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன, மேலே உணவும் உறக்கமும். அந்தக் கணக்குகளும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்துப் போட்டவை. நம் நாட்டில் 10,000 பேரின் தொகையைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டதே 2025 ஜனவரியில்தான். நான் வாங்க மாட்டேன்.

7 செப்டம்பர்

தங்கையிடம் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை.

அவள் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். நான் போனதும் தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டு, இருவரும் தாங்கியாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று விளக்கத் தொடங்கிவிட்டேன். அவள் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. “இதை வெளியே சொன்னால் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்?” என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. படித்ததைக் கொட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். காலடிப்பேட்டை வரும் வரை அவள் சின்ன வயதில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் நின்றது. முதலில் சொல்ல வேண்டியது அது: நீ மாத்திரையை ஒளித்து வைக்கவில்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது, அன்று உன்னைத் திட்டியது தப்பு.

14 செப்டம்பர், ஞாயிறு இரவு

போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மீன் கழுவ எழுந்து போனாள். திரும்பி வந்து அவளே கேட்டாள்: “அவனுக்கு எத்தனை மில்லி எடுப்பாய்?” மூன்று மில்லி என்றேன். அவன் தாங்கியாக இருந்தாலும் பெண்ணுக்கு இல்லையென்றால் குழந்தைக்குக் கடுமையான நோய் வராது என்பதை இந்த முறை கட்டம் போடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

நாளைக் காலை ஏழு மணிக்குத் தங்கையும் அவள் மகனும் எங்கள் கூடத்துக்கு வருகிறார்கள். இருவருக்கும் ஊதா மூடி. இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.